லேசர் கண் சிகிச்சைக்குத் தேதி வாங்கும் முன்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வேலைக்கு வந்து ஓரளவு காலூன்றியதும், கண்ணாடியை விட்டுவிடலாமா என்ற எண்ணம் நம்மவர்களில் பலருக்கு வருகிறது. டர்பன் புழுக்கத்தில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்குகிறது. ஏசி காரிலிருந்து இறங்கினால் ஆவி படிந்து ஒன்றும் தெரிவதில்லை. கடலில் இறங்கினால் கரையில் நிற்பது யார் என்று தெரியாது. சரி, லேசர் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்த அன்று ராத்திரியே பயம் பிடித்துக்கொள்கிறது. கண் வறண்டுபோகுமாம், விளக்கெல்லாம் சிதறித் தெரியுமாம், யாருக்கோ பார்வையே போய்விட்டதாம். ஊரில் அம்மாவுக்குப் போன் போட்டால், 'நல்லா இருக்கிற கண்ணுல எதுக்குடா கத்தி வைக்கிற?' என்பார்.

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. நோயில்லாத கண்ணில் நாமாக விரும்பிச் செய்துகொள்கிற சிகிச்சை இது. அதனால் சின்ன ஆபத்தையும் எடைபோட்டுப் பார்க்கத்தான் வேண்டும். புதிதாக வந்தவர்கள் பலரோடு துணைக்குப் போய் மருத்துவர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் எனக்கு உறுதியாகப் புரிந்தது ஒன்று உண்டு: பெரிய பக்க விளைவுகளில் பலவற்றின் வாசல் லேசர் மேசை இல்லை, அதற்கு முன்பு நடக்கும் பரிசோதனைதான். உங்கள் கண் இதற்கு ஏற்றதா என்று அங்கே ஒழுங்காகப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீரும். பார்க்காமல் விட்டால் எவ்வளவு நல்ல இயந்திரமும் காப்பாற்றாது. அதனால் பயத்தை அடக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பயத்தையும் ஒரு கேள்வியாக எழுதி, பதில் வாங்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

முதல் படி: கண்ணில் என்ன செய்கிறார்கள்?

கண்ணின் முன்பக்கத்தில் வாட்ச் கண்ணாடி போல இருக்கும் தெளிவான படலம்தான் கார்னியா. சராசரியாக 540 மைக்ரான் தடிமன், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதன் வளைவை மாற்றினால் கண்ணாடிப் பவர் போய்விடும். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர், பட்ட இடத்தை மட்டும் மெல்லிய அடுக்குகளாக எடுத்துவிடுகிறது. பக்கத்துத் திசு சுட்டுப்போவதில்லை. திசுவை இப்படிக் கருக்காமல் செதுக்கலாம் என்று 1981இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டுபிடித்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். லேசர் என்றாலே கண் வெந்துவிடும் என்று பயப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

செய்முறை மூன்று. லேசிக்கில் கார்னியாவின் மேல் 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் ஒரு மடலைத் திறந்து, அடியில் லேசரைப் பாய்ச்சி, மடலைத் திரும்ப மூடுவார்கள். மறுநாளே பார்வை நன்றாக இருக்கும். பி.ஆர்.கே.யில் மடல் கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசர் செய்து, தோல் வளரும்வரை நாலைந்து நாள் ஒரு காண்டாக்ட் லென்ஸைக் கட்டுப்போல வைத்திருப்பார்கள். முதல் இரண்டு மூன்று நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளியச் சில வாரம் ஆகும். ஸ்மைல் முறையில் கார்னியாவுக்குள்ளேயே ஒரு சின்ன வில்லையை லேசரால் வெட்டி, சில மில்லிமீட்டர் திறப்பு வழியாக உருவி எடுப்பார்கள். இது முக்கியமாகக் கிட்டப்பார்வைக்கும் அதோடு வரும் சிலிண்டர் பவருக்கும். இவை தவிர, கார்னியாவைத் தொடாமல் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் ஐ.சி.எல். என்ற வழியும் உண்டு. எது புதுசு, எது விலை கூட என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் கார்னியாவுக்கு எது பொருந்துமோ அதுதான் நல்லது.

இரண்டாம் படி: பயத்தைப் பிரித்துப் பாருங்கள்

'பக்க விளைவு' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் பயம் பெரிதாகிக்கொண்டேதான் போகும். அடிக்கடி வருவது எது, அபூர்வமாக வருவது எது, ஆறிப்போவது எது, ஆறாதது எது என்று பிரித்தால்தான் முடிவெடுக்க முடியும்.

அடிக்கடி வருவது வறட்சி. கார்னியாவில் ஏராளமான நுண்ணிய நரம்புகள் இருக்கின்றன. கண் காய்கிறது, கண்ணீர் வேண்டும் என்று மூளைக்குச் சொல்வது அவைதான். மடல் வெட்டும்போது அவற்றில் பல அறுபடும். திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மணல் விழுந்ததுபோல உறுத்தும், எரியும், சாயங்காலம் ஆனால் எழுத்து மங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் சரியாகிவிடும். சிலருக்கு நீடிக்கும். ஸ்மைலில் வெட்டு சிறியது என்பதால் இந்தத் தொல்லை சற்றுக் குறைவு.

அடுத்தது ராத்திரி வெளிச்சம். விளக்கைச் சுற்றி வட்டம், விளக்கிலிருந்து கதிர் சிதறுவது, கூச்சம். இந்த இரண்டைப் பற்றியும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முன்னின்று நடத்திய ப்ரௌல் என்ற லேசிக் ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதன் எண்களை ஒளிக்காமல் சொல்கிறேன். முன்பு வறட்சியே இல்லாதவர்களில் 28 சதவீதம் பேர் வரை மூன்றாம் மாதத்தில் வறட்சி இருப்பதாகச் சொன்னார்கள். முன்பு ஒளிவட்டம் போன்ற தொல்லை எதுவுமே இல்லாதவர்களில் 46 சதவீதம் பேர் வரை புதிதாக ஏதாவது ஒன்று வந்ததாகச் சொன்னார்கள். கேட்டால் பகீரென்றுதான் இருக்கும். அதே ஆய்வில் அந்தத் தொல்லையால் அன்றாட வேலையே மிகவும் கஷ்டமாகிவிட்டது என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பார்வையில் திருப்தி என்றவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். கண்ணாடியோ லென்ஸோ போட்டிருந்த காலத்தில் ஏற்கெனவே இந்தத் தொல்லைகளோடு இருந்த பலருக்கு அவை நீங்கியும் இருக்கின்றன. ஆகவே, 'ஒன்றுமே ஆகாது' என்று ஒரு ஆலோசகர் சொன்னால் நம்பாதீர்கள். 'எல்லாம் போச்சு' என்று யாராவது புலம்பினால் அதை மட்டும் வைத்தும் முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் வேலையோடு இதைப் பொருத்திப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் நடுவே என்3 நெடுஞ்சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவருக்கு, வான் ரீனன் கணவாயில் எதிரே வரிசையாக லாரி விளக்கு வந்தால் ஒளிவட்டம் சின்ன விஷயம் இல்லை. பகலில் மட்டும் அலுவலகம் போய்வருகிறவருக்கு அது பொருட்டே ஆகாது. ஆனால் அவர் நாள் முழுக்க ஏசி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரானால் அவருக்கு வறட்சிதான் பெரிய கேள்வி.

அபூர்வமானாலும் பயப்பட வேண்டியது எக்டேசியா. கார்னியா மெலிந்து பலமிழந்து முன்னால் புடைத்துக்கொள்வது. இது வந்தால் கண்ணாடி போட்டும் பார்வை சரியாகாமல் போகலாம். பெரும்பாலும் கெரட்டோகோனஸ் என்ற கூம்புக் கார்னியா நோய் வெளியே தெரியாமல் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும், அளவுக்கு மீறித் திசு எடுக்கப்பட்டவர்களுக்கும்தான் வருகிறது. கெரட்டோகோனஸ் நம் தெற்காசிய மக்களிடம் மற்றவர்களைவிட அதிகம் என்று பிரிட்டனில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம்மவர்கள் இந்தப் பரிசோதனையில் சமரசமே செய்யக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தாலோ, கண்ணைக் கசக்கும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே இருந்தாலோ, கேட்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கிருமித்தொற்று அபூர்வம், ஆனால் வந்தால் அவசரம். மடல் இடம் பெயர்வதும் அப்படித்தான், கண்ணில் பலமாக அடி பட்டால் நடக்கலாம். இன்னொன்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வெகு சிலருக்குக் கண் பார்க்க நன்றாக இருந்தும் நரம்பு வலி மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும் நிற்காது. நாள்பட்ட உடல்வலி, ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது மிக முக்கியம். மனம் கலங்கியிருக்கும் காலத்தில் இந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லது. கண்ணாடி காத்திருக்கும்.

பக்க விளைவு என்று சொல்ல முடியாத இரண்டு விஷயங்களிலும் பலர் ஏமாந்துபோகிறார்கள். நாற்பதைத் தாண்டினால் லேசர் செய்தாலும் செய்யாவிட்டாலும் வெள்ளெழுத்து வரும். கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரிசியில் கல் பொறுக்குவார்கள், ஊசியில் நூல் கோர்ப்பார்கள். லேசருக்குப் பின் அந்த வசதி போய்விடும். இன்னொன்று, அதிக மைனஸ் பவர் உள்ள கண் நீளமான கண். விழித்திரை விலகும் ஆபத்து அதற்குக் கூடுதல். லேசர் முன்பக்கத்தை மட்டுமே மாற்றுகிறது. கண்ணாடி போனாலும் வருடாவருடம் விழித்திரையைக் காட்டத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: இப்போது செய்யலாமா?

பவர் நின்றிருக்க வேண்டும். ஒரு வருடத்தில் அரைக்கு மேல் மாறியிருந்தால் பொறுங்கள். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், இருபத்தொன்றுக்கு மேல் என்றால் இன்னும் நல்லது. ஊரில் கடைசியாக வாங்கிய இரண்டு கண்ணாடிச் சீட்டுகளை வீட்டில் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், ஒப்பிட உதவும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் காத்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் பவரும் கண்ணீரும் மாறும். முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், முன்பு கண்ணில் அக்கி வந்தது, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுவது, எதுவானாலும் சொல்ல வேண்டும்.

சர்க்கரையைத் தனியாகச் சொல்கிறேன். இந்த நாட்டு இந்திய வம்சாவளியினரிடம் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்த நம்மிலும் பலருக்கு அது குடும்பச் சொத்து. சர்க்கரை ஏறி இறங்கினால் கண் பவரும் சேர்ந்து ஆடும், புண் ஆறுவதும் தாமதமாகும். பரிசோதனைக்கு முன் மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: மருத்துவரும் மெடிக்கல் எய்டும்

இங்கே மாலில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட். பவர் பார்ப்பதும் கண்ணாடி, லென்ஸ் தருவதும் அவர் வேலை. லேசர் செய்பவர் கண் மருத்துவர், அதாவது ஆப்தால்மாலஜிஸ்ட். பெரும்பாலும் முன்னவர்தான் பின்னவரிடம் அனுப்பிவைப்பார். அனுப்பினார் என்பதற்காக மட்டும் போகாதீர்கள். எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலில் மருத்துவர் எல்லோரும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். கண் சிறப்பு மருத்துவர் என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மெடிக்கல் எய்ட் எனப்படும் இங்குள்ள மருத்துவக் காப்பீட்டின் மேல் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். கண்ணாடியைக் கழற்றுவதற்கான லேசர் விருப்பச் சிகிச்சை, கட்டாயம் தர வேண்டிய அடிப்படைப் பலன்களில் அது வராது. பல திட்டங்கள் தருவதேயில்லை, சில மேல்தட்டுத் திட்டங்கள் ஓரளவு தரும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள குறைக்குப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பும் போட சட்டம் இடம் தருகிறது. மருத்துவமனையில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அதில் கட்டண எண்களோடு நோய்க் குறியீடும் இருக்கும், கிட்டப்பார்வை என்றால் எச் 52.1. அதை அப்படியே மெடிக்கல் எய்டுக்கு அனுப்பி, பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். பின்னால் பவர் மிச்சமிருந்து மறுபடி லேசர் செய்ய வேண்டி வந்தால் அதற்கும் காசா, எத்தனை மாதம் வரை இலவசம் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் நிற்காது.

'லீவுக்கு ஊருக்குப் போகும்போது சென்னையிலோ மதுரையிலோ செய்துகொள்ளலாமே' என்று கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிறார்கள். செலவு குறைவு, கூட அம்மா இருப்பார், மொழிப் பிரச்சினை இல்லை. எல்லாம் சரிதான். ஆனால் மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்பத் திரும்பக் காட்ட வேண்டிய சிகிச்சை இது. மூன்று வார லீவில் பரிசோதனை, சிகிச்சை, முதல் இரண்டு சந்திப்பு முடியும், மீதி டர்பனில்தான். அதனால் போகும் முன்பே இங்கே ஒரு கண் மருத்துவரிடம் பேசி, 'அங்கே செய்துவிட்டு வந்தால் பார்த்துக்கொள்வீர்களா' என்று கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தயங்கினால் ஊர்ப் பயணத்தில் செய்யாதீர்கள். பி.ஆர்.கே. என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன், சொட்டு மருந்தைக் குறைத்துக்கொண்டே போவதற்கு மாதக்கணக்கில் கண்காணிப்பு வேண்டும்.

ஐந்தாம் படி: பரிசோதனை நாள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதை முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்று, இரண்டு வாரம். கெட்டி லென்ஸ் என்றால் மூன்று, நாலு வாரம் அல்லது மருத்துவர் சொல்லும் அளவு. லென்ஸ் கார்னியாவை அழுத்தி உருமாற்றியிருக்கும், அந்த உருவத்தை அளந்தால் கணக்கே தப்பாகும். கண் பாப்பாவை விரிக்கும் மருந்து போடுவார்கள், சில மணி நேரம் கிட்டத்தில் எழுத்து தெரியாது, வெயில் கூசும். கருப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள், கார் ஓட்ட ஒரு ஆளையும் கூட்டிப்போங்கள்.

முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, வெளிச்சப் புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். இரண்டு நொடிதான். பக்கத்துத் திரையில் உங்கள் கார்னியா வண்ண வரைபடமாக விரியும். பச்சை என்றால் சாதாரண வளைவு, சிவப்புப் பக்கம் போகப்போக மேடு. கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு சிவப்புத் திட்டு இருந்தால், இரண்டு கண்ணும் ஒன்றுக்கொன்று சாயல் இல்லாமல் இருந்தால், மருத்துவர் அங்கேயே நின்று பார்ப்பார். நீங்களும் திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் கணக்கு. இதை நீங்களே போடலாம். கார்னியாவின் தடிமன் 500 மைக்ரான், பவர் மைனஸ் 6 என்று வைத்துக்கொள்வோம். லேசிக் மடல் 110. ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் எடுத்தால் ஆறுக்கு 90. மீதி 300. மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி, இன்று பலர் 300 கேட்கிறார்கள். மடலும் எடுத்த திசுவும் சேர்ந்து மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்றும் பார்ப்பார்கள். இங்கே 200, அதாவது 40 சதவீதம். அந்த அளவைத் தொட்டாலே கவனமான மருத்துவர் லேசிக் வேண்டாம், பி.ஆர்.கே. அல்லது ஐ.சி.எல். பார்க்கலாம் என்பார். கார்னியாவின் தடிமன், மிஞ்சும் அளவு, சதவீதம் என்று உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த மூன்று எண் கையில் இருந்தால் இன்னொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்பதும் எளிது.

கண்ணீர் அளவும் பார்க்க வேண்டும். இமைக்குக் கீழே ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பது ஒரு முறை, மஞ்சள் சாயம் போட்டுக் கண்ணீர்ப் படலம் எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. முன்பே வறட்சி இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் லேசர். இருட்டில் பாப்பா எவ்வளவு விரிகிறது என்பதையும் அளக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு 'உங்களுக்கு லேசர் ஏற்றதில்லை' என்று சொன்னால் மனம் உடையாதீர்கள். அந்த மருத்துவர் உங்கள் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார். ஒரு இடத்தில் முடியாது என்றதும் 'முடியும்' என்று சொல்லும் இடத்தைத் தேடிப் போவதுதான் உண்மையில் ஆபத்து.

ஆறாம் படி: மருத்துவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை

லேசர் செய்யப்போகிறவர் எதிரில் உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள். ஆலோசகரிடம் மட்டும் பேசிவிட்டுப் பணம் கட்டாதீர்கள். என் கண்ணுக்கு எந்தப் பக்க விளைவு வர வாய்ப்பு அதிகம்? உங்களிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் முறை செய்ய வேண்டிவந்தது? பின்னால் ஒரு தொல்லை என்றால் என்னைப் பார்ப்பது நீங்களா, வேறொருவரா? ராத்திரி கண் சிவந்து வலித்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது?

இந்த நாட்டுக்கென்றே ஒரு கேள்வி உண்டு: லேசர் ஓடும்போது லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு வந்தால்? கேட்க வெட்கப்பட வேண்டாம். இயந்திரத்துக்குத் தனி பேட்டரியும் கட்டடத்துக்கு ஜெனரேட்டரும் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியே நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படித்தான் இயந்திரம் நிரல்படுத்தப்பட்டிருக்கும். டர்பன்காரர்கள் அறையின் ஈரப்பதம் பற்றியும் கேட்கலாம். காற்றில் ஈரம் கூடினால் லேசர் எடுக்கும் அளவு மாறும். அதனால்தான் அந்த அறையில் வெப்பமும் ஈரமும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், செய்யும் முன் இயந்திரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

ஏழாம் படி: அந்த நாள்

மை, முகப்பூச்சு, வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு போனால் வாசலிலேயே துடைத்துவிடுங்கள், தூள் கண்ணில் விழக்கூடாது. ஊசி கிடையாது, மரத்துப்போகச் சொட்டு மருந்துதான். இமை மூடாமல் ஒரு மெல்லிய கம்பி பிடித்துக்கொள்ளும், கண் சிமிட்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். லேசிக்கில் மடல் செய்யும்போது ஒரு வளையம் கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும். அழுத்தம் தெரியும், கொஞ்ச நேரம் பார்வை மங்கும், சிலருக்கு முழுக்க இருண்டுவிடும். முன்பே தெரியாதவர்கள் பதறிப்போவது இந்த இடத்தில்தான். விட்டதும் பார்வை திரும்பிவிடும். பிறகு மினுக்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டக்டக் என்று சத்தம், முடி கருகுவது போன்ற வாசனை. கண் நெருப்புப் பிடிக்கவில்லை, லேசர் பட்ட திசு ஆவியாகும் வாசனை அது. கண் சற்று அசைந்தால் இயந்திரம் பின்தொடரும், அதிகம் அசைந்தால் தானே நிற்கும். நீங்கள் செய்ய வேண்டியது மூச்சை இயல்பாக விட்டு விளக்கைப் பார்ப்பது மட்டுமே. ரொம்பப் படபடப்பு வரும் ஆள் என்றால் முன்பே சொல்லுங்கள், லேசான மாத்திரை தருவார்கள்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் கண்ணை மூடித் தூங்குவதே மருந்து. சொட்டு மருந்து இரண்டு மூன்று வகை இருக்கும், போன் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நன்றாக ஆகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது, எரிகிறது என்று நீங்களாக நீட்டிக்கவும் கூடாது, அது கண் அழுத்தத்தை ஏற்றும். செயற்கைக் கண்ணீர் மட்டும் தாராளமாக, பிரிசர்வேடிவ் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். குளிர்காலத்தில் ஜோகன்னஸ்பர்க் காற்று எலும்புவரை காய்ந்திருக்கும். ஜூன், ஜூலையில் அங்கே செய்துகொள்கிறவர்கள் கூடுதல் புட்டி வைத்திருப்பது நல்லது. டர்பனில் உள்நாட்டிலிருந்து சூடான காற்று வீசும் நாளில் வெளியே போனால் கருப்புக் கண்ணாடி போடுங்கள்.

கசக்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. தூங்கும்போது கொடுக்கும் மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் வேறு யாராவது வெங்காயம் நறுக்கட்டும், மிளகாய் வறுக்கட்டும், டர்பன் மசாலாப் பொடி டப்பாவைத் திறக்கட்டும். கடலும் நீச்சல்குளமும் மருத்துவர் அனுமதிக்கும்வரை வேண்டாம், பெரும்பாலும் சில வாரம் ஆகும்.

தேதியைக் கோயில் காலண்டர் பார்த்துக் குறியுங்கள். தைப்பூசக் காவடி எடுக்கும் நேர்த்தி இருந்தால் அது முடிந்த பிறகு செய்துகொள்ளுங்கள். கற்பூரப் புகை, கூட்டம், நெற்றியிலிருந்து வழியும் விபூதி, மேலே ஊற்றும் மஞ்சள் நீர், எல்லாமே புதுக்கண்ணுக்கு ஆகாது. புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயில் கூட்டத்துக்கும், ஆடி மாதக் கூழ் ஊற்றும் பூஜையில் விறகடுப்பு முன் நிற்பதற்கும் இதுவே. சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, 'பூஜை முடிச்சிட்டு நிம்மதியா பண்ணிக்கலாம் தம்பி' என்று தள்ளிவைத்தார். அது நல்ல முடிவு.

வலி திடீரென்று கூடினாலோ, பார்வை தெளிந்து மறுபடி மங்கினாலோ, சீழ், வெள்ளைப் புள்ளி, கண்ணில் அடி, எதுவானாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள். காலை வரை பொறுக்காதீர்கள். மின்னல் வெட்டுவது, கரும்புள்ளி மழை, திரை விழுவது போன்றவை விழித்திரைக்கான எச்சரிக்கை, வருடங்கள் கழித்து வந்தாலும் அவசரம்தான்.

கார் விஷயம். மருத்துவர் சொல்லும்வரை ஓட்டாதீர்கள். தென்னாப்பிரிக்க ஓட்டுநர் அட்டை ஏற்கெனவே வாங்கியவர்கள் அதில் கண்ணாடி கட்டாயம் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். பார்வை சரியானாலும் அந்தக் குறி தானாகப் போகாது. உரிமம் வழங்கும் மையத்தில் மறுபடி கண் சோதனை செய்து மாற்ற வேண்டும். சாதாரண கார் உரிமத்துக்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/12 பார்வை, அதாவது நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் பார்வை இருக்க வேண்டும். மாற்றும்வரை மருத்துவர் கடிதத்தை வண்டியில் வைத்திருங்கள்.

கடைசியாக, தாள்கள். சிகிச்சைக்கு முன் இருந்த பவர், கார்னியாவின் வளைவு, தடிமன், பின்னால் வந்த பவர், செய்த முறை, இயந்திரத்தின் பெயர், எல்லாவற்றையும் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். வயதான பிறகு கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவது லேசர் செய்த கண்ணில் சிரமம். பழைய அளவுகள் இருந்தால் அந்தக் கணக்கு துல்லியமாகும். இன்று டர்பனில் இருக்கும் நாம் அன்றைக்கு எந்த ஊரில் இருப்போமோ, மருத்துவமனைகளும் கோப்புகளைக் காலம் முழுக்க வைத்திருப்பதில்லை. ஒரு பிரதியைப் பாஸ்போர்ட் இருக்கும் கோப்பில் வையுங்கள், படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், ஊரில் வீட்டுக்கும் ஒன்று அனுப்புங்கள்.